இரண்டில் நின்று பார்த்தால்

பதினோராவது தாளைக் கையில் எடுத்தபோது மணி பதினொன்றே கால். டீ வந்து போயிருந்தது, தம்ளரின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது, சர்க்கரை போடாதே என்று மூன்று நாளாகச் சொல்லியும் போட்டுத்தான் கொடுக்கிறார்கள், குடிக்காமல் வைத்தால் இந்த அம்மாவுக்கு என்ன ரொம்பத்தான் என்பார்கள், குடித்தால் சாயங்காலம் உள்ளங்கால் எரியும், ஆகவே பாதி குடித்து பாதியை வைத்திருந்தாள் செண்பகவல்லி டீச்சர். சாப்பாட்டு மணிக்குள் இன்னும் ஐந்து தாள். காலையில் பதினைந்து, மத்தியானம் பதினைந்து, இதுதான் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு ஆளுக்கு உள்ள பங்கு, ஒரு தாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கொடுத்தால் சோறு ஆறிப்போகும். எந்த ஊர்ப் பிள்ளை, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. பேர் இருக்கிற சீட்டைக் கிழித்துவிட்டு ஒரு எண்ணை மட்டும் போட்டு வேறு மாவட்டத்திலிருந்து அனுப்பிவிடுகிறார்கள். பேர் தெரியாதது எவ்வளவு நல்லது, பேர் தெரிந்தால் முகம் வரும், முகம் வந்தால் கை நடுங்கும், இருபத்திரண்டு வருஷ சர்வீசில் கை நடுங்காமல் இருப்பதற்குத்தான் அவளுக்குப் பேர். இந்தப் பிள்ளை குண்டு குண்டாக எழுதியிருந்தது. எழுதியது குறைச்சல், விட்டது அதிகம். ஒரு மார்க் கேள்வி பதினாலில் ஆறு சரி. தேற்றத்தைக் கூறுக என்ற இடத்தில் தேற்றத்தின் பேரை எழுதி, அடிக்கோடு போட்டு, கீழே அரைப் பக்கம் வெள்ளையாக விட்டிருந்தது. கூம்பின் கனஅளவுக்குச் சூத்திரம் தப்பு. மனப்பாடம் செய்ய வேண்டியது எதுவுமே செய்யாத பிள்ளை, யோசித்துப் போடக்கூடியதை மட்டும் போட்டிருக்கிறது. வடிவியல் படம் வரையவே இல்லை. கூட்டிப் பார்த்தாள், ஆறும் எட்டும் பதினைந்தும் இருபத்தொன்பது. இனி கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி, அதற்கு எட்டு. முப்பத்தைந்து வந்தால் பாஸ். சரி, வரைபடம் போட்டிருந்தால் கரையேறிவிடும் என்று நினைத்துக்கொண்டு, கருணைகூட இல்லை, வெறும் பழக்கத்தில் நினைத்துக்கொண்டு, தாளைப் புரட்டினாள்.

வரைபடம் அவளுடைய கோட்டை. கணக்குப் பாடத்தில் எது போனாலும் வரைபட எட்டு மார்க் போகக் கூடாது என்பது அவள் பள்ளிக்கூடத்தில் எழுதாத சட்டம், அந்த எட்டை வைத்துத்தான் ஒன்பது வருஷமாக நூறு சதவீதத் தேர்ச்சி, அந்தத் தேர்ச்சியை வைத்துத்தான் வீட்டு ஷோகேசில் மாவட்டக் கேடயம். பிள்ளைகளுக்கு அவள் சொல்வது நாலே நாலு. அட்டவணை போடு. புள்ளி வை. சேர்த்துவிடு. முடிவை எழுது. எக்ஸுக்கு மைனஸ் நாலிலிருந்து ப்ளஸ் நாலு வரை கொடு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் கொடு. சேர்க்கும்போது மட்டும் ஸ்கேல் வைக்காதே, வளைத்துச் சேர். வளைப்பதற்குக் கை வராத பிள்ளைகளுக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தென்னை ஈர்க்குச்சி. பச்சை ஈர்க்கைச் சீவி ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டு போ, புள்ளிகளின் மேலே வளைத்துப் பிடி, பென்சிலை ஓட்டு, வழுவழுவென்று வந்துவிடும். வந்தது. எட்டுக்கு எட்டு வந்தது. சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடமெல்லாம் அந்த ஈர்க்கு பரவி, அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஈர்க்குச்சி டீச்சர் என்று பேர் விழுந்தது. முகாமில் ஒரு வளைவைப் பார்த்தாலே இது ஈர்க்கு, இது கை என்று சொல்லிவிடுவாள். ஈர்க்கு வைத்த வளைவு அடியில் கொஞ்சம் அகன்று சட்டி மாதிரி இருக்கும். உண்மையான வளைவு அப்படி இருக்காதோ என்று ஒரு சந்தேகம் எப்போதாவது அவளுக்கு வரும், வந்த சுருக்கில் போய்விடும், ஏனென்றால் உண்மையான வளைவு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அது எதற்காக வளைகிறது என்றும் தெரியாது. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. கணக்கு டீச்சருக்கு வரைபடம் புரியாது என்பது வெளியே சொல்லக்கூடிய சங்கதியா.

கேள்வி இதுதான். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் நாலு எக்ஸ் ப்ளஸ் ஐந்து, இதன் வரைபடம் வரைந்து தீர்வுகளின் தன்மையை ஆராய்க. விடைக்குறிப்பில் எட்டைப் பங்கு போட்டிருந்தார்கள். அட்டவணைக்கு மூன்று, அச்சும் அளவுத்திட்டமும் ஒன்று, புள்ளி வைத்து வளைவரை வரைந்ததற்கு இரண்டு, முடிவுக்கு இரண்டு. நூலில் கட்டியிருந்த வரைபடத்தாளை விரித்தாள். வளைவு இருந்தது. ஈர்க்கு இல்லை, கை. ஒரே இழுப்பு, ரப்பர் பட்ட தடமே இல்லை, ஆகக் கீழே இரண்டுக்கு நேராக ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு பக்கமும் ஏறிப்போகிற கோடு, அச்சுக்கு ஒரு கட்டம் மேலேயே நின்றுவிட்டது. சிவப்புப் பேனாவை அட்டவணைக்காகக் கொண்டுபோனாள். அட்டவணை இல்லை. முன்பக்கம் புரட்டினாள், பின்பக்கம் புரட்டினாள், இல்லை. அதற்குப் பதிலாகக் குண்டுக் கையெழுத்தில் ஏழெட்டு வரி. அட்டவணை தேவையில்லை என்று ஆரம்பித்திருந்தது, அந்த முதல் வரியே அவளுக்குச் சுருக்கென்றது, தேவையா இல்லையா என்று சொல்ல நீ யார். பிறகு எழுதியிருந்தது: இந்தக் கோவை என்பது எக்ஸ் மைனஸ் இரண்டின் வர்க்கமும் அதோடு ஒன்றும். ஒரு எண்ணை அதாலேயே பெருக்கினால் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ஆகவே ஆகத் தாழ்ந்த மதிப்பு ஒன்று, அது இரண்டில் வரும். இரண்டில் நின்று பார்த்தால் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே மாதிரி. ஓரடி தள்ளிப் போனால் ஒன்று உயரும். ஈரடி போனால் நாலு. மூன்றடி போனால் ஒன்பது. அரையடி போனால் கால்தான் உயரும். அதனால் கோடு மூலையாக மடங்காமல் வளைந்து வருகிறது. ஒன்றுக்குக் கீழே இறங்காததால் அச்சைத் தொடாது. மெய்யான தீர்வு இல்லை.

அரையடி போனால் கால். அந்த இடத்தில் அவளுடைய கண் மாட்டிக்கொண்டது. மேலே ஃபேன் கடகடவென்று ஆடியது, பக்கத்து டேபிளில் யாரோ ஒரு பிள்ளையின் விடையைச் சத்தமாக வாசித்தார்கள், வட்டத்துக்கு நாலு பக்கம் என்று எழுதியிருந்ததாம், அறையே சிரித்தது, அவளும் உதட்டை இழுத்தாள், கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை. அரையடி. நடுவுல நாம போய்ப் பாக்கலியே டீச்சர். யார் சொன்னது இது. இசக்கியம்மாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பத்து பி, ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சு, எண்ணெய் வழிய இரட்டைச் சடை, தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்தவளின் மகள். எழுந்து நின்று கேட்டது: "டீச்சர், ஒண்ணுல ஒரு புள்ளி வச்சோம், ரெண்டுல ஒரு புள்ளி வச்சோம். நடுவுல கோடு வளையுதுன்னு எப்படித் தெரியும்? நடுவுல நாம போய்ப் பாக்கலியே. ஸ்கேல் வச்சுச் சேத்தா என்ன தப்பு?" மரியாதையாகத்தான் கேட்டது. அதுதான் பொறுக்கவில்லை, குறும்பாகக் கேட்டிருந்தால் வெளியே நிறுத்தியிருக்கலாம். வகுப்பு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. வாய்க்குள் ஒன்றுமில்லை. கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்கியது, அந்த வேர்வையை இப்போதும் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. பிறகு வாய் தானாகத் திறந்தது. "ஏட்டி, உங்கம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கும்போது, ஏன் அடுக்கணும் எதுக்கு அடுக்கணும்னு கேட்டுக்கிட்டா அடுக்குதா? அடுக்கச் சொன்னா அடுக்கணும். உக்காரு." வகுப்பு சிரித்தது. நாற்பது பிள்ளைகள் சிரிக்கும்போது ஒரு பிள்ளையின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதை அவள் பார்த்தாள், பார்த்துக்கொண்டே சாக்பீஸை எடுத்து அடுத்த அட்டவணையைப் போட்டாள், மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. இசக்கியம்மாள் அதற்குப் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஈர்க்குச்சி கொண்டுவந்தது. வழுவழுவென்று வரைந்தது. எட்டு வாங்கியது.

போன தை மாதம் சர்க்கரை பார்க்க ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனால் வெள்ளைக் கோட்டில் இசக்கியம்மாள்தான் நிற்கிறாள். "நல்லாருக்கீங்களா டீச்சர், கையை இறுக்கி மூடுங்க." செண்பகவல்லிக்கு ஊசியைவிட அந்தக் கண்தான் பயமாக இருந்தது. இப்போது கேட்டுவிடுவாளோ, ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே, ஏன் டீச்சர் அது வளையுது என்று கேட்டுவிடுவாளோ, கையை அவளிடம் கொடுத்துவிட்டு எங்கே ஓடுவது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நரம்பை ஒரே குத்தில் பிடித்தாள், வலிக்குதா டீச்சர் என்றாள், பஞ்சை வைத்து மடக்கிவிட்டாள். மறந்துவிட்டது அந்தப் பிள்ளைக்கு. மறந்துதான் இருக்கும். எத்தனையோ டீச்சர், எத்தனையோ பேச்சு, எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு திரிய முடியுமா. மறக்காதது நாம்தான் போல, வைதவளுக்கு இருக்கிற ஞாபகம் வசவு வாங்கியவளுக்கு இல்லை, என்ன நியாயம் இது என்று அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்குக் கோபம்கூட வந்தது. இப்போது எங்கேயோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை, இருபத்தொன்பது மார்க் எடுக்கிற பிள்ளை, தேற்றத்தைப் பேரோடு நிறுத்திக்கொண்ட பிள்ளை, அந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் எழுதிவைத்திருக்கிறது. அரையடி போனால் கால். பொய்யாக இருக்கும். சும்மா அடித்துவிட்டிருக்கும். டீ தம்ளரை மூடியிருந்த காகிதத்தை இழுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். இரண்டிலிருந்து அரையடி இடப்பக்கம், ஒன்றரை. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டே கால். நாலு ஒன்றரை ஆறு, அதைக் கழித்தால் மைனஸ் மூன்றே முக்கால். ஐந்தைக் கூட்டு. ஒன்றே கால். ஸ்கேல் வைத்துச் சேர்த்திருந்தால் அந்த இடத்தில் ஒன்றரை வந்திருக்கும். ஒன்றே கால்தான் வருகிறது. கோடு ஸ்கேலுக்குக் கீழே தொங்குகிறது. அதுதான் வளைவு.

அதுதான் வளைவு! அவள் வாய்விட்டுச் சொல்லியிருப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகையில் வரைந்த அத்தனை வளைவுகளும் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து, ஒவ்வொன்றும் தன் அடிப்புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் ஒன்றேதான், ஒரே சாமானை அங்கேயும் இங்கேயும் தள்ளிவைத்திருக்கிறார்கள், இதை இரண்டடி தள்ளி ஓரடி தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. அட்டவணையில் பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று, இரண்டு, ஐந்து என்று வருவதை எத்தனை வருஷம் எழுதியிருக்கிறாள், போன எண்கள் அப்படியே திரும்பி வருகின்றன என்பதை ஒரு நாளாவது நின்று பார்த்தாளா. ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நெஞ்சு லேசாக, தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டது போல, நாற்பத்தொன்பது வயசில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது. அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும் அடியிலிருந்து மற்றது வந்தது. இதை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது. பதினைந்து வயசுப் பொடிசு. பாஸ் ஆகுமா ஆகாதா என்று நாம் பிச்சைபோட வேண்டிய ஒன்று. அதுவும் எப்படி எழுதியிருக்கிறது, அட்டவணை தேவையில்லை என்று. மூன்று மார்க்கைத் தேவையில்லை என்கிறது. நாலே நாலு கட்டளையை நாக்குத் தள்ளத் தள்ளச் சொல்லி, ஈர்க்கைச் சீவிக்கொடுத்து, காலையில் ஏழு மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்து, கால் எரிய நின்று வாங்கிய கேடயத்தை இது தேவையில்லை என்கிறது. எவன் இதற்கு வாத்தியார். எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டான், சொல்லிக்கொடுத்திருந்தால் அட்டவணை போட்டிருக்கும். தானாகவே கண்டுபிடித்திருக்கிறது, பரீட்சை ஹாலில் உட்கார்ந்து, எல்லாரும் வேர்க்க வேர்க்கப் பெருக்கிக்கொண்டிருக்கும்போது இது மட்டும் இரண்டில் போய் நின்று இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்திருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு வந்தது வெறுப்புதான். அதற்கு வேறு பேர் வைக்க அவளாலேயே முடியவில்லை.

விடைக்குறிப்பின் கடைசி வரியில், வேறு முறையில் சரியாகச் செய்திருந்தாலும் உரிய மதிப்பெண் வழங்குக என்று இருந்தது. எட்டும் போடலாம். எட்டு போட்டால் முப்பத்தேழு, பாஸ். மனசில்லையென்றால் அட்டவணைக்குரிய மூன்றை வெட்டிவிட்டு ஐந்து போடலாம், யாரும் கேட்க முடியாது, முப்பத்துநாலு. இங்கேதான் அவள் பேனா நின்றது. முகாமில் ஒரு வழக்கம் உண்டு, எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத வழக்கம். முப்பதிலிருந்து முப்பத்துநாலுக்குள் விழுகிற தாளை முதன்மைத் தேர்வாளர் தன் கையாலேயே முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் பார்ப்பார், எங்கேயாவது அரை, ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பிடித்து முப்பத்தைந்தாக்கிக் கைதூக்கிவிடுவார். முப்பதுக்குக் கீழே போனால் பார்க்க மாட்டார், எல்லாவற்றையும் பார்த்தால் எப்போது முடிப்பது. அவள் டேபிளுக்கு முதன்மைத் தேர்வாளர் அருளானந்தம் சார், எதையும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆழமாக வாசிக்கிற மனுஷன். இந்த ஏழெட்டு வரியை வாசிப்பார். வாசித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, டீச்சர், இது சரிதானே, அட்டவணையைவிட உசத்தியால்லா எழுதிருக்கு, உங்களுக்குப் புரியலையோ என்பார். உங்களுக்குப் புரியலையோ. பத்து பி வகுப்பு அவளைத் திரும்பிப் பார்த்தது. கழுத்துக்குப் பின்னால் வேர்வை இறங்கியது. எட்டு போட்டால்? எட்டு போட்டால் அவர் பார்க்க மாட்டார், பிள்ளை பாஸ், கதை முடிந்தது. அவ்வளவு சுலபம். ஆனால் எட்டு போட வேண்டுமே, இந்தக் கையால், அட்டவணை தேவையில்லை என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எட்டு. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். எந்தப் பக்கத்துப் பிள்ளை இப்படி எழுதும் என்று மனசே திருப்பிக் கேட்டது, மனசுக்கு ஒரு அதட்டுப் போட்டாள். அட்டவணை இல்லாமல் புள்ளி எங்கிருந்து வந்தது, ஆதாரம் எங்கே, நாளைக்கு எல்லாரும் இப்படி எழுத ஆரம்பித்தால் என்ன ஆவது. "என்ன டீச்சர், ஒரே தாளுல நிக்கீங்க?" அருளானந்தம் சார் முதுகுப் பக்கம் வந்து நின்றிருந்தார். "எதுவும் சந்தேகமா?" முழங்கை தானாக நகர்ந்து அந்தப் பக்கத்தை மூடியது. "இல்ல சார். கையெழுத்துதான் கொஞ்சம் வெளங்கல." "வெளங்கலேன்னா கொடுங்க, நான் பாக்கேன்." "வேண்டாம் சார், ஒண்ணும் பெருசா எழுதல." அவர் போய்விட்டார். கையெழுத்து குண்டு குண்டாக, சின்னப் பிள்ளைகூட வாசிக்கிற மாதிரி இருந்தது.

பூச்சியம் போட்டாள். நல்ல வட்டமாக, தலையும் வாலும் சேருகிற இடம் தெரியாமல் போட்டாள். வளைவின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி, ஓரத்தில் அட்டவணை இல்லை என்று ஒரு வரி. முன்பக்கத்தில் மொத்தம் இருபத்தொன்பது, முப்பதைத் தொடவில்லை, அதை எழுத்தாலும் எழுதினாள். எட்டு மார்க் கேள்விக்குப் பூச்சியம் போட்டால் சந்தேகம் வரும் என்று ஒரு பயம் எழுந்தது, கட்டுக்கு இரண்டு தாள் சார் சும்மா உருவிப் பார்ப்பாரே, பதினோராவதை உருவினால்? பதினைந்தில் இரண்டு. வராது. பிள்ளை நகல் கேட்டு விண்ணப்பித்தால்? இருபத்தொன்பது எடுத்த பிள்ளைகள் நகல் கேட்பதில்லை, வீட்டில் நாலு சாத்து வாங்கிக்கொண்டு, மண்டையில் ஒன்றும் இல்லை என்று தாங்களே நம்பிக்கொண்டு, துணைத்தேர்வுக்கோ வேலைக்கோ போய்விடும். துணைத்தேர்வுக்கு யாராவது இதற்கு ஈர்க்குச்சி வாங்கிக்கொடுப்பார்கள். அப்போது அட்டவணை போடும். இதுவும் நல்லதற்குத்தான் என்று சொல்லிக்கொண்டாள், அந்தச் சொல் வாயில் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி திகட்டியது. அடுத்த தாள், அதற்கடுத்த தாள், இரண்டிலும் ஈர்க்கு, இரண்டுக்கும் எட்டு.

சாப்பாட்டுக்குக் கை கழுவிவிட்டு வந்தபோது பக்கத்து இருக்கை ஜெசிந்தா டீச்சர், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகாதவள், டப்பாவை மூடிக்கொண்டே சிரித்தாள். "எங்க பிள்ளைக ஸ்கேல் வச்சே கோடு போடுதுக டீச்சர். ஏன் வைக்கக் கூடாதுன்னு கேக்குதுக. சத்தியமா எனக்கே தெரியல, நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லிச் சொல்லியே வருஷம் ஓடிப்போச்சு." எனக்கே தெரியல. இவ்வளவு பேர் நடுவில், வாயில் ஊறுகாய் வாசனையோடு, வெட்கமே இல்லாமல் சொல்கிறாள், சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள், யாரும் அவளைக் கொன்றுவிடவில்லை. அப்படிக்கூடச் சொல்லலாமா. செண்பகவல்லி எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது, கால் கரும்பலகைக்குப் போனது, கை சாக்பீஸை எடுத்தது. "ரெண்டுல நின்னு பாக்கணும் ஜெசிந்தா. அட்டவணையை விடு. ஓரடி போனா ஒண்ணு ஏறும், ஈரடி போனா நாலு. அரையடி போய்ப் பாரு, எவ்வளவு ஏறும்?" "அரை?" "கால்." சொல்லும்போது குரல் குழைந்தது, இவ்வளவு இனிமையாக அவள் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. "ஸ்கேல் வச்சா அரைங்கும், உள்ளது கால்தான். அதான் வளையுது." பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வளைவை வரைந்தாள், ஈர்க்கு இல்லாமல், ஒரே இழுப்பில், அச்சுக்கு ஒரு கட்டம் மேலே நிறுத்தினாள். "எம்மாடி," என்றாள் ஜெசிந்தா. "இப்படி ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தா நான் கணக்கைக் கண்டு பயந்தேயிருக்க மாட்டேன் டீச்சர்." அருளானந்தம் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "முப்பது வருஷமா கணக்கு எடுக்கேன், எனக்கு இப்படித் தோணல. யாரு டீச்சர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

இப்போது சொல்லலாம். கட்டு இன்னும் அவள் டேபிளில்தான் கிடக்கிறது, பதினோராவது தாள், சார் ஒரு திருத்தம் என்றால் போதும், திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு சுருக்கக் கையெழுத்துப் போடுவார், பூச்சியம் எட்டாகும், எங்கேயோ ஒரு பிள்ளை பதினோராம் வகுப்புக்குப் போகும். ஒரு பிள்ளை எழுதியிருக்கு சார் என்று சொன்னால் இன்னும் பெரிய பேர்கூட வரும், இவ்வளவு நேர்மையா என்பார்கள். நாக்கு மேலண்ணம் வரை போனது. பத்துப் பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள். இந்தத் தடவை வாய்க்குள் எல்லாம் இருந்தது. "யாரும் இல்ல சார். தானாத் தோணுச்சு." "அடுத்த மாசம் ஆசிரியர் பயிற்சிக்கு உங்க பேரைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்," என்றவர், அவள் டேபிளுக்கு வந்து கட்டை இழுத்தார். நாலாவது தாளை உருவினார், பார்த்தார். பதின்மூன்றாவதை உருவினார், பார்த்தார். அவள் கையிலிருந்த சாக்பீஸ் பொடியைச் சேலையில் துடைத்தாள், போகவில்லை. "முப்பதுலருந்து முப்பத்துநாலுக்குள்ள எதுவும் இருக்கா டீச்சர்? இருந்தா கொடுங்க, கைதூக்கிவிட்டுருவோம், பாவம்." "ஒண்ணும் இல்ல சார்." "நல்லதாப் போச்சு," என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணிக்கு மத்தியானக் கட்டு வந்தது. முடிச்சை அவிழ்த்து முதல் தாளை எடுத்தவள், முதல் பக்கத்தைப் பார்க்காமல் நேரே கடைசிக்குப் புரட்டினாள், விரல் லேசாக நடுங்கியது, வரைபடத்தாளை விரித்தாள். அட்டவணை இருந்தது, மைனஸ் நாலிலிருந்து ப்ளஸ் நாலு வரை. வளைவு அடியில் அகன்று சட்டி மாதிரி இருந்தது. ஈர்க்கு. அப்பாடா என்று எட்டு போட்டாள்.